வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால்

நோசல் பாலம் அருகே,
1986 செப்டம்பர் 3, புதன்

அன்புள்ள கிளெம்,

உன் அக்கா மார்ஜரியின் சமையலைப் பதினொரு மாதம் சாப்பிட்டும் நீ திடமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. வலது முழங்கால் மட்டும் மழைக்கு முதல்நாளே முனக ஆரம்பித்துவிடுகிறது. ரேடியோவில் வானிலை சொல்கிறவனைவிட அது சரியாகச் சொல்கிறது.

நீ அனுப்பிய காகிதம் வந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் என்று தெரிந்தும் இரண்டு பக்கம் டைப் அடித்து அனுப்பியிருக்கிறாயே, உனக்கு இரக்கமே கிடையாதா? சரக்குப் படகில் பிறந்தவள் நான். நாளுக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று எல்லாம் சேர்த்து நாற்பது நாள் போயிருப்பேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: நம் லின்னெட் படகை விற்கிறோம். வாங்குகிறவர் இருபத்தேழாம் தேதி நான்ட்விச்சில் வந்து எடுத்துக்கொள்வார். அதற்குமுன் உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தும் வேண்டும்.

போடமாட்டேன் என்று சொல்லவில்லை. படகை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். அவசரமில்லாமல்தான் வருவேன். நேற்று ஒரு கிழட்டு நாய் கரைப்பாதையில் என்னை முந்திக்கொண்டு போய், திரும்பி நின்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இருபதாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்லம் மேல் மதகுக்கு வா. அங்கிருந்து கீழே பதினைந்து மதகு. ஒவ்வொன்றிலும் தண்ணீரை வடித்துப் படகைப் படிப்படியாக இறக்க வேண்டும். முன்பு மாதிரியே நீ கரையில் நின்று தண்ணீர் திறக்கும் ஷட்டரைத் திருகு, நான் சுக்கான் பிடிக்கிறேன். உன் அப்பாவை நாம் இழந்த மதகும் அதில் ஒன்று என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்கிறேன். கடைசி மதகைத் தாண்டியபிறகும் நீ விற்கத்தான் வேண்டும் என்றால் பேனாவை நீட்டு, அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வேண்டாம் என்று தோன்றினால் படகில் ஏறிக்கொள். நம் கட்டிலில் உன் பக்கம் அப்படியேதான் இருக்கிறது.

இங்கே வேலியெல்லாம் பிளாக்பெர்ரி நாகப்பழம் மாதிரி கறுத்துப் பழுத்துக் கிடக்கிறது. மளிகைக்கடைக்காரி திருமதி பியூ கேட்டாள், "என்ன ஹெஸ்டர், உன் வீட்டுக்காரரைக் காணவே காணோம்?" நான் சொன்னேன், "துவைச்சுக் காயப் போட்டிருக்கேன். இந்த ஊர் வெயில்ல இன்னும் ஈரம் காயல." அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.

மார்க்கெட் ட்ரேடன் தபாலாபீசுக்கு எழுது. என் பெயருக்கு எடுத்து வைத்திருப்பார்கள்.

உன்
ஹெஸ்டர்


க்ரூ,
செப்டம்பர் 7, ஞாயிறு

அன்புள்ள ஹெஸ்டர்,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். மரக்கடையில் வேலை ஒழுங்காகப் போகிறது. நாள் முழுக்க மரம் அறுக்கிறேன். அந்தச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாது என்பதால் பிடித்திருக்கிறது.

ஆட்லமுக்கு நான் வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே.

நமக்குக் கல்யாணமாகி நான் முதன்முதலில் படகில் ஏறிய அன்று நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தது இன்னும் மனப்பாடம். மதகில் தண்ணீர் வடியும்போது படகின் பின்பக்கம் சுவரில் போட்ட வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் தண்ணீருக்கடியில் கல்மேடை இருக்கிறது. படகு அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் மட்டும் தண்ணீரோடு கீழே போகும். அதனால் சுக்கான் பிடிப்பவர் கோட்டைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். அந்தக் கையைப் பார்க்காமல் கரையில் இருப்பவன் ஷட்டரைத் தொடக்கூடாது.

நான் தொட்டேன். உன் கைக்குக் காத்திராமல் இரண்டு ஷட்டரையும் முழுக்கத் திறந்தேன். எண்பத்திரண்டு வயது மனுஷர், முன்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். படகு முன்னால் சரிந்து அந்தக் கதவு வழியாகப் பாய்ந்த குளிர்ந்த தண்ணீர் நெஞ்சில் ஏறி ஒன்பது நாள் கிடந்து போனார். என் அப்பாவை நான்தான் கொன்றேன். ஷட்டர் திருகும் அந்தக் கைப்பிடியை மறுபடி என் கையில் கொடுக்காதே. சமையலறையில் குழாய் ஓடினால்கூட நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

தயவுசெய்து கையெழுத்துப் போட்டுவிடு. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உன் முகத்தைப் பார்க்கத்தான் கூச்சமாக இருக்கிறது.

அன்புடன்,
கிளெம்


மார்க்கெட் ட்ரேடன்,
செப்டம்பர் 11, வியாழன்

அன்புள்ள கிளெம்,

உன் கடிதத்தைத் தபாலாபீஸ் வாசலில் நின்றே படித்தேன். பிறகு ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து மறுபடி படித்தேன். எனக்கு ஒன்றை இரண்டு தடவை படித்தால்தான் உள்ளே போகும்.

வழியெல்லாம் சுகம். வுட்சீவ்ஸ் பாறை வெட்டுக்குள் வந்தபோது மத்தியானத்திலேயே அந்தி மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் பாசி பிடித்த பாறை, மேலே ஒரு கீற்று வானம், இலை ஒன்றிரண்டு சுற்றிக்கொண்டே வந்து கூரையில் விழுந்தது. உன் அப்பா, வில்ஃப் மாமா, இருந்திருந்தால் முன்னால் உட்கார்ந்து தன் பழைய கடிகாரத்தைப் பார்த்து, "ஹெஸ்டர், நாலு நிமிஷம் லேட்டாப் போறோம்மா" என்று அறிவித்திருப்பார். ரயில்வே சிக்னல் அறைக்குள் நாற்பது வருஷம் இருந்த மனுஷருக்குக் கால்வாயும் ரயில்பாதைதான். "எங்க போறதுக்கு லேட்டு மாமா?" என்று கேட்டால், "அது உன் வேலை. நேரம் சொல்றது மட்டும்தான் என் வேலை" என்பார்.

டர்லி மதகுகளில் எனக்கு முன்னால் ஒரு வாடகைப் படகு போனது. புருஷன் பெண்சாதி இரண்டே பேர். அவள் பெரிய தொப்பி போட்டுக்கொண்டு சுக்கான் பிடிக்கிறாள், அவர் கரையில் வியர்த்துக்கொண்டு நிற்கிறார். நான் என் படகைக் கட்டிவிட்டு உதவலாமென்று நடந்து போனேன். அவர் ஷட்டரைத் திருக ஆரம்பித்துவிட்டார். நான் எட்டிப் பார்க்கிறேன், படகின் பின்பக்கம் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறது.

"சார், இறக்குங்க. ஷட்டரை இறக்குங்க" என்று கத்தினேன். நல்ல வேளை, அவர் உடனே விட்டுவிட்டார். அடியில் ஒரு உரசல் சத்தம் கேட்டது. படகு லேசாகச் சாய்ந்து, வழுக்கி, தண்ணீருக்கு வந்துவிட்டது. ஒரு கோப்பை உடைந்ததோடு போயிற்று.

அந்த அம்மாள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவரைப் பிடித்துக்கொண்டாள். "நீ எதைப் பார்த்துத் திருகுறே? என்னைக் கொல்லணும்னே வந்தியா?"

அவர், "தப்புதான், தப்புதான்" என்கிறார். முகத்தில் ரத்தமே இல்லை. "நீ கையைத் தூக்கினியான்னு எனக்கே இப்ப ஞாபகம் வரல."

படகைக் கோட்டுக்குப் பின்னால் விட்டது அவள். நான் பக்கத்தில் நின்றேன். எதற்கும் வாய் மூடாத நான், அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை கிளெம். கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே புதன்கிழமைச் சந்தையில் நல்ல பாலாடைக்கட்டி கிடைத்தது. உனக்குப் பிடித்த நாற்றம் பிடித்த வகைதான். மார்ஜரி வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தால் ஜன்னலையெல்லாம் திறந்துவிடுவாள். இதற்குமேல் இன்று எழுத வரவில்லை. ஒரு பக்கம் எழுதி அடுப்பில் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பத்து மணி. மறக்காதே.

உன்
ஹெஸ்டர்


க்ரூ,
செப்டம்பர் 14, ஞாயிறு

அன்புள்ள ஹெஸ்டர்,

அந்த வாடகைப் படகுக்காரரைப் பற்றி எனக்கு ஏன் எழுதினாய் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். சும்மா வேடிக்கைக்கு எழுதுகிறவள்தான் நீ. ஆனால் அந்தப் பக்கத்தில் வேடிக்கை இல்லை.

ஒன்று கேட்கிறேன். என் மனதில் இரண்டு படம் இருக்கிறது. ஒன்றில் நான் கீழ்க்கதவுப் பக்கம் நிற்கிறேன், உன்னைப் பார்க்கவேயில்லை, அவசரமாகத் திருகுகிறேன். இன்னொன்றில் நீ பச்சைக் கம்பளிச் சட்டையோடு கையைத் தூக்குகிறாய், அதைப் பார்த்த பிறகுதான் திருகுகிறேன். இரண்டாவதை நானே என் வசதிக்குக் கற்பனை செய்துகொண்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். ஏனென்றால் படகு முன்னால் சரிந்ததும் நீ, "கையைப் பார்க்காம ஏன் திறந்தே" என்று கத்தினாய். அங்கே நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். கால்வாய் ஆபீசிலிருந்து விபத்தை விசாரிக்க வந்தவர் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "அந்தம்மா படகுலயே பொறந்தவங்க" என்று என்னிடமே சொன்னார். தச்சனாக இருந்து படகுக்கு வந்த நான்தான் தப்பு செய்திருப்பேன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும்.

நீ அன்று கையைத் தூக்கினாயா? அது மட்டும் சொல். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். இரண்டு படத்தையும் சுமந்துகொண்டிருக்கத்தான் முடியவில்லை.

கிளெம்


ஆடர்லி,
செப்டம்பர் 16, செவ்வாய்

கிளெம்,

தூக்கினேன்.

நீ பார்த்தாய். பார்த்துவிட்டு, பதிலுக்கு உன் தொப்பியைக்கூடத் தொட்டுக் காட்டினாய். அதற்கப்புறம்தான் திருகினாய். உன் இரண்டாவது படம்தான் நிஜம்.

மீதியையும் எழுதிவிடுகிறேன். மூன்றைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இது நான்காவது காகிதம்.

கையைத் தூக்கும்போது படகு சரியான இடத்தில்தான் நின்றது. அப்போது மேல்கதவுப் பக்கம் ஒரு பெண் வந்தாள். கையில் டாம்சன் பழம் ஒரு பை. "எங்க தோட்டத்துப் பழம், புளிக்கும், ஆனா ஜாமுக்கு நல்லாருக்கும், வேணுமா?" என்றாள். நான் எஞ்சினை நியூட்ரலில் போட்டேன். படகு தானாகப் பின்னால் நகர்ந்தது. எனக்கு அது தெரிந்தது. கதவுக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பையை வாங்க மறுகையை நீட்டினேன். ஒரு நிமிஷம்தானே என்று நினைத்தேன். அவளிடம், "புளிப்பு எனக்குப் பழக்கம்தாம்மா, அதோ கரையில நிக்குதே, அதைத்தான் கட்டியிருக்கேன்" என்று உன்னைக் காட்டிக் கிண்டல் வேறு செய்தேன். அவள் சிரித்து முடிப்பதற்குள் அடியில் கல் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தம் என்னவென்று எனக்கு நடக்கிற வயதிலேயே தெரியும். என் அம்மா தூக்கத்தில்கூட அந்தக் கோட்டைத் தாண்டமாட்டாள். எங்கள் ஆட்களில் யாருக்கும் இது நடந்ததில்லை. அப்போது எனக்கு மாமா ஞாபகம் வரவில்லை கிளெம். என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்பதுதான் முதலில் வந்தது. வாய் தானாக உன்மேல் கத்திவிட்டது. மாமாவின் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

அந்தப் பெண் ஆம்புலன்சுக்குப் போன் செய்ய ஓடினாள். அவளிடமும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் நீ, "நான்தான், நான்தான்" என்று சுவரில் தலையை வைத்துக்கொண்டு நின்றாய். மாமா போனபிறகு சொன்னால் நீ என்னை விட்டுப் போய்விடுவாய் என்று பயந்தேன். சொல்லாமலும் போய்விட்டாய். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வாரத்துக்கு ஒரு கடிதம், நாலு வேடிக்கை, உனக்குச் சிரிப்பு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

இனி உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் மதகில் இருப்பேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் இறங்கிப் போவேன்.

ஹெஸ்டர்


க்ரூ,
செப்டம்பர் 21, ஞாயிறு

ஹெஸ்டர்,

நேற்று நான் வந்ததை நீ எதிர்பார்க்கவில்லை என்று உன் முகத்திலேயே தெரிந்தது. பதினைந்து மதகிலும் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ஷட்டரைத் திருகியிருக்க முடியாது. அதனால்தான்.

அந்த மதகில் நீ படகை நிறுத்திவிட்டு வெகுநேரம் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கையைத் தூக்கினாய். நான் திருகினேன். தண்ணீர் இரைந்தது. என் கை நடுங்கவில்லை. அது நடுங்குமா என்று பார்க்கத்தான் வந்தேன். நீ எழுதிய அந்த ஒரு வார்த்தைக்கு நான் உனக்குக் கடன்பட்டவன். இன்று காலை குழாயடியில் நின்று நிதானமாகச் சவரம் செய்துகொண்டேன்.

கீழ் மதகில் நீ, "ஏறிக்க, டீ போடுறேன்" என்றாய். நான் கைப்பிடியைக் கூரைமேல் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். ஏன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா விஷயத்தை என்னால் மன்னிக்க முடியும். ஒரு நிமிஷம் கவனம் தப்பியது. யாருக்கும் தப்பும். அப்பா இருந்திருந்தால் உன் தலையில் தட்டிவிட்டு, "சரி விடு பொண்ணே" என்றிருப்பார். ஆனால் பதினொரு மாதம் ஒரு நிமிஷம் இல்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் நீ எழுந்தாய், அடுப்பு மூட்டினாய், நான் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தே அன்றைக்கும் பேசாமல் இருந்தாய். எனக்கு வேடிக்கையாகக் கடிதம் எழுதினாய். அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு, இவ்வளவு நல்லவளுக்கு நான் இப்படிச் செய்துவிட்டேனே என்று அழுதிருக்கிறேன். அதை எப்படித் தாண்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வாங்குகிறவருக்கு விற்பனை இல்லை என்று எழுதிவிட்டேன். லின்னெட்டில் என் பங்கை உன் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்ட காகிதம் இதோடு இருக்கிறது. உனக்கு வேறு வீடு கிடையாது. நான் அதில் திரும்ப ஏறமாட்டேன்.

மார்ஜரிக்கு அவரும் அப்பாதான். நான் அவளிடம் சொல்லப்போவதில்லை. அது நீ சொல்ல வேண்டியது. பிறகு இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். வேடிக்கையாக எழுதினால் நான் சிரித்துவிடுவேன். அது எனக்கு இப்போது வேண்டாம்.

கிளெம்


நான்ட்விச்,
செப்டம்பர் 26, வெள்ளி

கிளெம்,

எழுத வேண்டாம் என்றாய். நீ சொன்ன வேலையை முடித்துவிட்டேன் என்று சொல்ல மட்டும் எழுதுகிறேன். வேடிக்கை எதுவும் இதில் இருக்காது, பயப்படாமல் படி.

இன்று நீ மரக்கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து க்ரூவுக்குப் போனேன். மார்ஜரி கதவைத் திறந்து, "அவன் இல்லை" என்றாள்.

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் அண்ணி. உள்ள வரவேண்டாம்னா இங்கயே நின்னு சொல்லிட்டுப் போறேன்."

"தெருவுல நின்னு சொல்றதுக்கு நான் என்ன பால்காரியா? வா உள்ள."

சமையலறையில் உட்காரவைத்தாள். உனக்கு எழுதியதைப் போலவே கையைத் தூக்கியதிலிருந்து கத்தியது வரைக்கும் சொன்னேன். மேஜையில் இருந்த ரொட்டித் துகளை விரலால் கூட்டிக் கூட்டி ஒரு இடத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், "அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

"சொல்லிட்டேன்."

"எப்ப?"

"போன வாரம்."

அவள் எழுந்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "அவனுக்கு ரூம் குடுத்தேன், துணி துவைச்சுப் போட்டேன். ஆனா அப்பாவைப் புதைச்ச நாள்லேர்ந்து அவன் முகத்தைப் பார்த்து நான் பேசல. அவனும் ஏன்னு கேட்கல. தனக்கு அதுதான் நியாயம்னு இருந்துட்டான்." பிறகு என் பக்கம் திரும்பி, "என்னையும் சேர்த்துல்ல பண்ண வச்சிருக்கே, பாவி" என்றாள்.

நீ இந்த விஷயத்தை எனக்கு ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. அவள் சமையலைப் பற்றி நான் கிண்டலாக எழுதினபோதெல்லாம் நீ பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

வாசல்வரை வந்தாள். "இனிமே இங்க வராதே ஹெஸ்டர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கதவையும் மெதுவாகத்தான் சாத்தினாள். நேராக மரக்கடைக்குப் போய் உன்னைப் பார்க்கப்போவதாகச் சொன்னாள். இந்தக் கடிதம் வருவதற்கு முன் அவள் வந்திருப்பாள்.

விசாரித்த ஆபீசுக்கும் எழுதிவிட்டேன். படகைக் கோட்டுக்குப் பின்னால் விட்டது நான், கரையில் இருந்தவர்மேல் குற்றமில்லை என்று. எழுத்துப்பிழை இருக்கும். ஆள் பிழை இல்லை. ஆட்லமில் நம் படகுக்காரர்கள் கூடுகிற மதுக்கடையிலும் நின்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. என் அம்மாவைத் தெரிந்தவர் ஒருவர் தன் குவளையைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

நீ அனுப்பிய படகுக் காகிதத்தை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பி உன்னை மறுபடி எழுதவைக்கக் கூடாது என்றுதான்.

நாளைக் காலை மிடில்விச் பக்கம் புறப்படுகிறேன். தனியாகப் போனால் ஒவ்வொரு மதகும் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். படகைக் கோட்டுக்கு முன்னால் கயிற்றில் கட்டிவிட்டு, ஏணியில் ஏறி, கரைக்கு வந்து, ஷட்டரைத் திருகிவிட்டு, மறுபடி ஓடி வந்து கயிறு பிடிக்க வேண்டும். கையைத் தூக்குகிறவளும் நான்தான், அதைப் பார்க்கிறவளும் நான்தான். இனி ஏதாவது தப்பு நடந்தால் யார் செய்தது என்று யாரும் விசாரிக்க வேண்டியிருக்காது.

ஹெஸ்டர்